உளவுநிரலா, ஒற்றுநிரலா? ஆட்வேருக்கு என்ன சொல்?

வணக்கம்.

நம்மை வேவு பார்க்கும் ஸ்பைவேர், விளம்பரம் காட்டும் ஆட்வேர் இரண்டுக்கும் "தீநிரல்" (மால்வேர்) போதும் என்று எழுதியிருந்தீர்கள். சென்னை ரிச்சி தெருக் கணினிக் கடைகளில் இரண்டுமே "வைரஸ் சார்"தான். மருந்தும் ஒன்றே, எல்லாவற்றையும் அழிக்கும் ஃபார்மட். வீட்டில் கணினி வைத்திருப்பவருக்கான கையேட்டுக்கு அது சரிவராது. நீக்கும் வழி வேறு என்றால் பெயரும் வேறாக இருக்கட்டும்.

"ஒற்றுநிரல்" அழகான சொல். ஆனால் தமிழ்க் கணிமையில் ஒற்று என்றதும் ஒற்றுப்பிழைதான் நினைவுக்கு வரும். சந்தி திருத்தும் கருவி என்று நினைத்து ஆசையாக நிறுவிக்கொள்வார்கள். "உளவுநிரல்" நாளிதழ் படிப்பவருக்கும் புரியும். இது ஒளிந்திருந்து கடவுச்சொல்லைத் தட்டும்போதே பதிந்துகொள்ளும் வகை. விண்டோஸ் ஓடும்போது தன்னை மறைத்துக்கொள்வதால் சாதாரண ஸ்கேனில் தப்பிவிடக்கூடும். விண்டோஸ் செக்யூரிட்டியில் ஸ்கேன் ஆப்ஷன்ஸ் போய் டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேனைத் தேர்ந்தால், கணினி ரீஸ்டார்ட் ஆகி விண்டோஸுக்கு வெளியே நின்று தேடும். சுமார் 15 நிமிடம். திறந்திருக்கும் கோப்புகளை முதலில் சேமிக்க வேண்டும். கடவுச்சொற்களை வேறொரு கருவியிலிருந்து மாற்றுங்கள். இல்லாவிட்டால் புதியதும் களவுபோகும்.

ஆட்வேருக்கு "விளம்பரநிரல்" எனக்கு ஒப்பில்லை. விளம்பரம் வரும் என்று சொல்லியே இலவசமாகத் தரும் நேர்மையான செயலியும் அதில் மாட்டிக்கொள்கிறது. இன்னொன்றின் இன்ஸ்டாலரோடு ஒட்டிக்கொண்டு வருவதால் "ஒட்டுநிரல்" எனலாமா?

*

ஐயா, உளவுநிரலுக்கு இசைவு. ஒட்டுநிரல் வேண்டாம். மென்பொருளின் ஓட்டையை அடைக்கும் பேட்ச்சை "ஒட்டு" என்று எழுதுவோர் இருக்கிறார்கள். "ஒட்டுநிரலை நீக்குக" என்று படித்தவர் பாதுகாப்பு அப்டேட்டைத் தூக்கிவிடுவார். "திணிப்புநிரல்" என்கிறேன். திணிப்பு என்றால் என்னவென்று சென்னையில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

நிறுவும்போது "எக்ஸ்பிரஸ்" விட்டு "கஸ்டம்" எடுத்தால், கூடவே வரும் நிரல்களுக்கு முன்கூட்டியே டிக் போட்ட பெட்டிகள் பெரும்பாலும் கண்ணில் படும். விண்டோஸ் செக்யூரிட்டியின் ஆப் அண்டு பிரவுசர் கண்ட்ரோலில், ரெப்யுடேஷன் அமைப்புக்குள் "பொட்டன்ஷியலி அன்வாண்டட் ஆப் பிளாக்கிங்" உண்டு. அதன் இரண்டு பெட்டிகளையும் டிக் செய்க. டவுன்லோடைத் தடுக்கும் பெட்டி எட்ஜ் பிரவுசரில் மட்டுமே வேலை செய்யும். குரோம் வைத்திருப்பவர் அதை நம்பியிருக்கக் கூடாது.

திரையின் மூலையில் எட்டிப்பார்க்கும் விளம்பரங்களையும் இதில் சேர்க்காதீர்கள். பல நேரம் அங்கே நிரலே இருக்காது. ஏதோ ஒரு தளம் நோட்டிஃபிகேஷன் அனுப்ப "அலவ்" அழுத்தியதன் விளைவு. குரோமில் சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் போய் அந்தத் தளத்தை நீக்கினால் நின்றுவிடும்.