பழைய லண்டன் மேடைப் பெண்களை ஆராய்கிறவர்களே, எந்தச் சம்பவம் இன்னும் உறுத்துகிறது?

பழைய_ஏடு:
கலிஃபோர்னியா, ஹன்டிங்டன் நூலகம். லார்பென்ட் பிரதிகள், அதாவது மேடையேறும் முன் தணிக்கைக்கு வந்த நாடகப் பிரதிகள், பற்றி இங்கே அதிகம் விளக்க வேண்டாம். நான் கேட்டு வாங்கியது தணிக்கை அதிகாரி ஜான் லார்பென்ட்டின் மனைவி அன்னாவின் நாட்குறிப்பை. கணவர் மேசைக்கு வந்த நாடகங்களைத் தானும் படித்து அபிப்பிராயம் எழுதிய பெண்மணி. தேநீர் இடைவேளையில் பக்கத்து மேசைப் பேராசிரியர் என்ன படிக்கிறீர்கள் என்றார். சொன்னேன். "அடடா, கணவர் நாட்குறிப்பு எழுதவில்லையா?" என்று நிஜமான அக்கறையோடு கேட்டார். கிண்டலாகக் கேட்டிருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பேன். அனுதாபப்பட்டால் என்ன செய்வது?

திரைமறைவு:
வட இங்கிலாந்தில் முதலாண்டு வகுப்பு. 1660, பெண்கள் மேடையேறிய ஆண்டு என்று வழக்கம்போல் ஆரம்பித்து, அதுவரை பெண் வேடம் கட்டிவந்த நடிகர் கைனஸ்டன் பற்றி அக்கால நாட்குறிப்பாளர் பெப்பீஸ் எழுதியதை வாசித்தேன். பெண் வேடத்தில் அவரைப் பார்த்து, இப்படியொரு அழகியைக் கண்டதில்லை, குரல்தான் சுமார் என்கிறாரே, அது. கடைசி வரிசைப் பையன், "அப்போ அவர் வேலை போய்விட்டதா?" என்றான். வகுப்பே சிரித்தது, அவன் சிரிக்கவில்லை. இல்லை, ஆண் வேடங்களில் பல காலம் நடித்தார் என்றேன். "அவருக்குப் பெண் வேடம்தான் பிடித்திருந்தால்?" நேரம் முடிந்துவிட்டது.

மூன்றாம்மணி:
@திரைமறைவு இன்னுமா 1660 என்று சொல்லிக்கொடுக்கிறீர்கள்? 1605இலேயே ஜேம்ஸ் மன்னரின் மனைவி ராணி ஆன் கறுப்புச் சாயம் பூசிக்கொண்டு 'மாஸ்க்' என்ற அரண்மனை ஆடல்பாடல் நாடகத்தில் தோன்றினார். 1629இல் லண்டன் பிளாக்ஃபிரையர்ஸ் அரங்கில் பிரெஞ்சு நடிகைகள் நடித்து, கூச்சல் போட்டு விரட்டப்பட்டார்கள். 1656இல் திருமதி கோல்மன் பாடி நடித்தார். 1660 டிசம்பரில் ஒத்தெல்லோ நாடகத்தில் டெஸ்டிமோனாவாக வந்தவர் யார் என்பதிலேயே இன்னும் சண்டை! ஒரு மாநாட்டில் இதைச் சொல்ல ஆரம்பித்ததும் மைக்கை வாங்கிக்கொண்டார்கள்.

கூத்துக்காரி:
வேலை தேடும் பிள்ளைகள் நிறையப் பேர் இருப்பதால் சொல்கிறேன். தலைப்பில் 'பெண்' என்பதோடு தணிக்கை, சம்பளம், ஒப்பந்தம் என்று ஏதாவது சேருங்கள். சாரா சிடன்ஸ் போன்ற புகழ்பெற்ற நடிகைகள் பக்கம் கூட்டம் அதிகம், ஊர் ஊராகப் போன சிறு குழுக்களை எடுங்கள். 1737 நாடகத் தணிக்கைச் சட்டத்துக்குப் பிறகு தணிக்கைக்கு வந்த பிரதிகள் 1824 வரை கலிஃபோர்னியாவில், அதற்குப் பிந்தையவை லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில். பயண நிதி கேட்கும்போதே அதைப் பார்த்துத் திட்டமிடுங்கள். பழைய கையெழுத்து வாசிக்க இப்போதே பழகுங்கள், யாரும் சொல்லித்தர மாட்டார்கள். என் கதையா? பதினேழாம் நூற்றாண்டுப் பெண் நாடகாசிரியர் அஃப்ரா பென் பற்றி ஆய்வு முடித்துப் போன நேர்காணலில், ஷேக்ஸ்பியர் நடத்துவீர்களா என்று மட்டும் கேட்டார்கள்.

பழைய_ஏடு:
அக்கா, நான் வேலை கேட்கவே இல்லை.

திரைமறைவு:
@மூன்றாம்மணி சரி, 1629ஐயும் சேர்த்துக்கொள்கிறேன். ஆனால் ராணி ஆடியது அரண்மனைக்குள், கூலிக்கு அல்ல. பெண் வேடத்தைப் பெண்களே நடிக்கலாம் என்று அரச உரிமத்தில் எழுத்தில் வந்தது 1662இல். அது கிடக்கட்டும், அந்தப் பையனுக்கு நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள்?