கழுத்தில் கோடு போட்ட கொப்புளம், சுவரில் பெரிய சிலந்தி, செம்பருத்தியில் வெள்ளைப் பூச்சி: எது எது?

வயலோரம்:
தஞ்சாவூர் பக்கம், வயலை ஒட்டிய வீடு. சம்பா அறுப்பு முடிந்ததிலிருந்து பூச்சி வரத்து அதிகம். படம் ஏறவில்லை, அதனால் அளந்து எழுதுகிறேன். தெரிந்தவர்கள் அடையாளம் சொல்லுங்கள்.

ஒன்று: ஹால் சுவரில் ஒரு சிலந்தி. உடல் இரண்டரை செ.மீ., காலோடு சேர்த்தால் 10 செ.மீ. வரும். பழுப்பு நிறம், தட்டை உடம்பு, முகத்தில் வெளிர் மஞ்சள் பட்டை. வலை எங்கும் இல்லை. வயிற்றுக்கடியில் ஒரு ரூபாய் நாணயம் போல வெள்ளை வட்டு ஒன்றைப் பிடித்துக்கொண்டே நகர்கிறது.

இரண்டு: ஏழு வயதுப் பையனுக்குக் கழுத்தில் சாட்டையால் இழுத்த மாதிரி 5 செ.மீ. சிவப்புக் கோடு. மறுநாள் அதன் மேல் பொடிப் பொடிக் கொப்புளம், எரிச்சல். முழங்கை மடிப்பில் மேல்பக்கம் ஒரு புண், நேர் எதிரே கீழ்ப்பக்கம் அதே அச்சில் இன்னொன்று. காய்ச்சல் இல்லை. சிலந்தி மேலே ஏறி மூத்திரம் பெய்துவிட்டது என்று வீட்டில் பெரியவர்கள் சொல்கிறார்கள். பக்கத்து வீட்டில் அக்கி எழுதச் சொல்கிறார்கள்.

மூன்று: ராத்திரி ட்யூப்லைட் அடியில் எறும்பு மாதிரி ஒரு பூச்சி விழுகிறது. முக்கால் செ.மீ. நீளம். கறுப்பும் ஆரஞ்சும் மாறி மாறி, நடுவில் நீலப்பச்சை மினுமினுப்பு. தொந்தரவு செய்தால் வாலைத் தேள் மாதிரி தூக்குகிறது.

நான்கு: செம்பருத்திக் கொழுந்தில் மாவுப்பூச்சி. அதற்கு நடுவே அதைவிட மூன்று மடங்கு பெரிய வெள்ளைப் பூச்சிகள், பஞ்சு நூல் தொங்கத் தொங்க. தாய்ப்பூச்சியா? மருந்து அடிக்கலாமா?

ஐந்து: சுவரில் சிமென்ட் நிறத்தில் வெள்ளரி விதை போல ஒரு பை. உள்ளே புழு.

---

பூச்சிக்கண்ணாடி:
இரண்டாவதும் மூன்றாவதும் ஒரே விஷயம். பையனின் கழுத்தில் இருப்பதற்குக் காரணம் அந்த ட்யூப்லைட் பூச்சிதான். சிலந்திக்கு இதில் பங்கே இல்லை.

அது பெடரஸ் என்ற வண்டு. வண்டு என்று நம்பக் கஷ்டமாக இருக்கும், ஏனென்றால் மேலிறக்கை அரைச்சட்டை போலக் குட்டையாக இருக்கும், வயிறு வெளியே நீண்டுகொண்டிருக்கும். நீங்கள் பார்த்த நீலப்பச்சை மினுமினுப்புதான் அந்த மேலிறக்கை. தலை கறுப்பு, கழுத்துப்பகுதி ஆரஞ்சு, பிறகு நீலப்பச்சை, பிறகு ஆரஞ்சு வயிறு, வால்நுனி கறுப்பு. இந்த வரிசை பொருந்தி, வாலையும் தூக்கினால் சந்தேகமே வேண்டாம்.

இது கடிப்பதும் இல்லை, கொட்டுவதும் இல்லை. உடம்புச் சாற்றில் பெடரின் என்ற நஞ்சு இருக்கிறது. அதை வண்டு தானே தயாரிப்பதில்லை, பெண் வண்டின் உடம்பில் குடியிருக்கும் ஒரு பாக்டீரியா தயாரிக்கிறது. தூக்கத்தில் கழுத்தில் ஏதோ ஊர்கிறதென்று கையால் தேய்க்கிறோம், வண்டு நசுங்குகிறது, கை போன பாதையில் சாறு பூசப்படுகிறது. அதனால்தான் புண் வட்டமாக இல்லாமல் கோடாக இருக்கிறது. தேய்த்த உடனே ஒன்றும் தெரியாது. 24 முதல் 48 மணி நேரத்தில் சிவந்து கொப்புளிக்கும். முழங்கையில் எதிரெதிரே இரண்டு புண் வந்ததும் இதனால்தான்: ஒரு பக்கம் பட்டது, கையை மடக்கியபோது எதிர்ப்பக்கத்தில் அச்சு விழுந்தது.

இப்போது செய்ய வேண்டியது: புண்ணையும் சுற்றியுள்ள தோலையும் சோப்புத் தண்ணீரில் மெதுவாகக் கழுவுங்கள். பையனின் கைவிரல், நகம், தலையணை உறை, அன்று போட்ட சட்டை எல்லாவற்றையும் துவைத்துவிடுங்கள். குளிர்ந்த தண்ணீரில் நனைத்த துணியை ஒற்றி எடுத்தால் எரிச்சல் தணியும். கொப்புளத்தை உடைக்க வேண்டாம். நகம் வெட்டிவிடுங்கள், சொறிந்தால் சீழ் பிடிக்கும். களிம்பு எதுவானாலும் தோல் மருத்துவர் சொல்லிப் போடுங்கள். கண்ணைக் கசக்கி இமை வீங்கினால் தாமதிக்காமல் கண் மருத்துவரிடம் போக வேண்டும். பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் ஆறும். கறுத்த தழும்பு மறைய இன்னும் நாளாகும்.

அக்கி எழுதுவது பற்றி: நிஜ அக்கி வேறு. அது சின்னம்மை வைரஸ் நரம்பு வழியாகத் திரும்பக் கிளம்புவது. உடம்பின் ஒரே பக்கத்தில் பட்டையாக, கொத்துக் கொத்தாக வரும். பெரும்பாலும் புண் தெரிவதற்குச் சில நாள் முன்பே அந்த இடத்தில் வலி தொடங்கிவிடும். உங்கள் பையனுக்குக் கழுத்திலும் முழங்கை மடிப்பிலும் தனித்தனியாக, துணி மூடாத இடத்தில் மட்டும் வந்திருக்கிறது. காவியைக் குழைத்துப் பூசினால் கொப்புளத்தில் மண் சேரும், பிறகு மருத்துவருக்கும் புண் சரியாகத் தெரியாது. வேண்டாம்.

வண்டு மேலே ஏறினால் அடிக்காதீர்கள். ஊதித் தள்ளுங்கள், அல்லது ஒரு தாளை நீட்டி அதன் மேல் ஏறவிட்டு வெளியே உதறுங்கள். செத்துக் காய்ந்த வண்டிலும் நஞ்சு இருக்கும், ஆகவே காலையில் ட்யூப்லைட் அடியைத் துடைப்பத்தால் பெருக்குங்கள், கையால் அள்ளக் கூடாது. ஸ்ப்ரே அடித்துக் கொல்வதில் லாபம் குறைவு, செத்தவை படுக்கையில்தான் விழும். சாயங்காலம் 6 மணிக்கு மேல் வயல்பக்க ஜன்னலைச் சாத்தி, வாசல் வெள்ளை ட்யூப்லைட்டை அணைத்து மஞ்சள் பல்பு போடுங்கள். கட்டிலை விளக்குக்கு நேர் கீழிருந்து நகர்த்துங்கள். படுக்குமுன் போர்வையை ஒருமுறை உதறுங்கள்.

வயலில் இது நல்ல வேலைக்காரன், நெற்பயிரின் சாறு உறிஞ்சும் புகையான் பூச்சியின் குஞ்சுகளைத் தின்னும். அறுப்பு முடிந்து மறைவிடம் இல்லாமல் போனதும் வெளிச்சத்தைத் தேடி வீட்டுக்கு வருகிறது. அதனால் வயல் வரப்பில் மருந்தடிக்கும் யோசனை வேண்டாம்.

---

வடமராட்சி:
சிலந்திக்கு நான் சொல்லுறன். முகத்தில் வெளிர் பட்டை, தட்டை உடம்பு, நண்டு போல பக்கவாட்டில் விரிந்த கால், வலை இல்லை: இது ஹெட்டரோபோடா வெனடோரியா. இரவில் கரப்பானைத் துரத்திப் பிடிக்கிற சிலந்தி. வெள்ளை வட்டு அதன் முட்டைப் பை, நூற்றுக்கு மேல முட்டை இருக்கும். குஞ்சு பொரிக்கும் வரை தாய் அதைக் கீழே வைக்காது, அந்த நாட்களில் இரை எடுப்பதும் குறைவு.

சிலந்தி மூத்திரம் பட்டுக் கொப்புளிக்கிறது என்பது எங்கட பக்கத்திலும் சொல்லுவினம். சிலந்தியின்ர கழிவு சுண்ணாம்புத் துளி மாதிரி வெள்ளையாகச் சுவரில் ஒட்டியிருக்கும், அது தோலைச் சுடாது. கையால் அமத்திப் பிடித்தால் கடிக்கும். குளவி கொட்டினது போல வலிச்சு அடங்கிவிடும்.

இதோட குழப்பக் கூடாதது, இங்க இலங்கையில நாங்கள் புலிமுகச் சிலந்தி என்று சொல்லுறது. அது பொயசிலோதீரியா என்ற பேரினம். மரப்பொந்திலும் பழைய கட்டடத்திலும் இருக்கும். மாங்குளத்தில் கிடைத்த ஓர் இனத்துக்கு 2012இல்தான் பெயர் வைத்தவை. அதன் கால் தடித்து மயிர் அடர்ந்திருக்கும். முன்காலைத் தூக்கினால் கீழ்ப்பக்கம் பளிச்சென்று மஞ்சளும் கறுப்பும் தெரியும். கடித்தால் கடும் வலியும் தசைப்பிடிப்பும் வரும், ஆஸ்பத்திரிக்குப் போகவேணும். ஒல்லிக் கால், முகத்தில் பட்டை என்றால் பயப்பட ஒன்றுமில்லை.

வெளியே விட விரும்பினால் வாய் அகன்ற பிளாஸ்ரிக் டப்பாவை மெதுவாகக் கவிழுங்கோ, கால் நசியாமல். 12 செ.மீ. வாயாவது வேணும், தேத்தண்ணிக் கிளாஸ் காணாது. தடித்த அட்டையைச் சுவரோட ஒட்டி உள்ளே தள்ளி மூடி, விறகு அடுக்கின பக்கம் விடுங்கோ. விளக்குமாற்றால் அடித்தால் பை கிழிந்து குஞ்சு முழுக்க வீட்டுக்குள்ள சிதறும்.

---

மாடித்தோட்டம்:
நான்காவது கேள்விக்கு முதல் வார்த்தை: மருந்து அடிக்காதீர்கள். அந்தப் பெரிய வெள்ளைப் பூச்சி தாய்ப்பூச்சியாக இருக்க வாய்ப்பு குறைவு. மாவுப்பூச்சியைத் தின்னும் பொறிவண்டின் புழு, கிரிப்டோலேமஸ். இரை மாதிரியே மெழுகு நூல் போர்த்தியிருப்பதால் மருந்து அடிப்பவர்கள் முதலில் இதைத்தான் குறிவைக்கிறார்கள். பெரியதாகத் தெரிகிறது, அதனால் முதலில் சாகிறது. பத்து நாளில் மாவுப்பூச்சி இரட்டிப்பாக வந்து நிற்கும்.

உறுதி செய்ய ஐந்து நிமிடம் போதும். மாவுப்பூச்சியின் பெண் 3 மி.மீ. சுற்றி இருக்கும், புழு வளர்ந்தால் 13 மி.மீ. வரை போகும். பெயின்ட் பிரஷ்ஷால் ஒன்றை எடுத்து கறுப்புத் தாளில் விடுங்கள். மாவுப்பூச்சி கிடந்த இடத்தில் கிடக்கும் அல்லது மெதுவாக ஊரும். புழு உடனே ஓடும். பிரஷ்ஷால் மெழுகைத் தடவி எடுத்தால் கீழே சாம்பல் நிற உடம்பும், முன்பகுதியில் மூன்று ஜோடிக் கால்களும் தெரியும். வளர்ந்த வண்டு 4 மி.மீ., கரும்பழுப்பு முதுகு, தலையும் கழுத்தும் ஆரஞ்சு, புள்ளி கிடையாது. இலையடியில் இரண்டொன்று தென்பட்டால் வழக்கு முடிந்தது.

இது ஆஸ்திரேலியப் பூச்சி. 1898இல் இந்தியாவுக்குக் காபித் தோட்டத்துப் பச்சைச் செதில் பூச்சிக்காகக் கொண்டுவந்தார்கள். அந்த வேலைக்கு உதவவில்லை. ஆனால் தென்னிந்தியாவில் மாவுப்பூச்சிகளைப் பிடித்துக்கொண்டு நிலைத்துவிட்டது.

எந்த மாவுப்பூச்சி என்பதையும் பாருங்கள். ஒன்றைத் தாளில் நசுக்குங்கள். சாறு இளஞ்சிவப்பாக வந்து, கொழுந்து சுருண்டு முடிச்சு விழுந்திருந்தால் செம்பருத்தி மாவுப்பூச்சி. மஞ்சள் சாறு வந்தால் பப்பாளி மாவுப்பூச்சியாக இருக்கலாம். அப்போது நாலைந்தைச் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் போட்டு ஒன்றிரண்டு நாள் வையுங்கள், நீலம் கலந்த கறுப்பாக மாறினால் அதுவேதான். பப்பாளி மாவுப்பூச்சி 2008இல் கோயம்புத்தூரில் கண்டறியப்பட்டது. அதைக் கட்டுப்படுத்தியது 2010இல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்த, மாவுப்பூச்சியின் உடலுக்குள் வளரும் அசிரோஃபேகஸ் என்ற சிறு குளவி. செடியில் துளை விழுந்து காய்ந்த மாவுப்பூச்சிகள் தெரிந்தால் குளவி வேலை செய்கிறது என்று அர்த்தம், தொடாதீர்கள்.

பொறிவண்டு இருந்தும் மாவுப்பூச்சி குறையவில்லை என்றால் காரணம் எறும்பு. மாவுப்பூச்சியின் இனிப்புக் கழிவுக்காக எறும்பு காவல் நிற்கும், புழுவைக் கடித்துத் தள்ளும். தண்டின் அடியில் 5 செ.மீ. அகலத்துக்கு பிளாஸ்டிக் டேப் சுற்றி, டேப்பின் மேல் மட்டும் கிரீஸ் தடவுங்கள். பட்டையில் நேராகத் தடவினால் இளந்தண்டு வெந்துபோகும். சுவரையோ பக்கத்துச் செடியையோ தொடும் கிளையை வெட்டுங்கள், இல்லாவிட்டால் எறும்பு அந்தப் பாலத்தில் ஏறும். டேப்பில் தூசி படிந்தால் புதுக் கிரீஸ் வேண்டும், வாரம் ஒருமுறை பாருங்கள்.

புழு இல்லாத கிளையில் மட்டும் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், 2 மில்லி திரவ சோப்பு கலந்து, வெயில் தாழ்ந்த பின் இலையடியில் படும்படி அடிக்கலாம். சோப்பைத் தண்ணீரில் கரைத்த பிறகு எண்ணெய் ஊற்றிக் குலுக்குங்கள். வரிசை மாறினால் எண்ணெய் மிதந்து இலை கருகும்.

ஒரு எச்சரிக்கை: எல்லாப் பொறிவண்டும் நண்பன் அல்ல. கத்திரி இலையைச் சல்லடையாகச் சுரண்டும், 28 புள்ளி வைத்த, மினுமினுப்பில்லாத வண்டும், கிளைமுள் கொண்ட அதன் மஞ்சள் புழுவும் எபிலாக்னா. அதைக் கையால் பொறுக்கி அழிக்கலாம்.

---

சுவர்க்கோழி:
ஐந்தாவது, பையைச் சுமந்து திரியும் புழு, ஒரு சிறு அந்துப்பூச்சியின் புழு. பை 8 முதல் 14 மி.மீ., இரண்டு முனையிலும் வாசல் உண்டு. எந்தப் பக்கம் வேண்டுமானாலும் தலை நீட்டும். மணல், தூசி, நூல் சேர்த்துக் கட்டியது. பழைய ஒட்டடை, செத்த பூச்சி, உதிர்ந்த முடி, கம்பளி இவைதான் தீனி. மருந்து தேவையில்லை. ஒட்டடை அடித்து, கட்டில் அடியையும் பீரோ பின்பக்கத்தையும் பெருக்கினால் தீனி நின்றுவிடும். பைகளைப் பெருக்கி அங்கேயே விடாமல் வெளியே கொட்டுங்கள்.

---

வயலோரம்:
எல்லோருக்கும் நன்றி. மருத்துவரிடம் காட்டினோம், பெடரஸ் என்றே சொன்னார். பிரஷ் சோதனையில் எட்டில் ஆறு ஓடின. நசுக்கிய மாவுப்பூச்சியில் சாறு இளஞ்சிவப்பு. முடிச்சு விழுந்த கொழுந்தை வெட்டி எரிக்கலாமா?

---

மாடித்தோட்டம்:
இப்போதே எரிக்காதீர்கள், முடிச்சுக்குள்தான் பொறிவண்டின் முட்டையும் குஞ்சுப் புழுவும் இருக்கும், மாவுப்பூச்சியின் முட்டைப் பஞ்சில்தான் அது முட்டையிடும். முதலில் எறும்புத் தடை போடுங்கள். மூன்று வாரம் விடுங்கள். இலையடியில் அசையாமல் ஒட்டியிருக்கும் வெள்ளை உருண்டைகள் தெரியும், அவை கூட்டுப்புழுக்கள், செத்தவை என்று தேய்த்து எடுத்துவிடாதீர்கள். வண்டு வெளியேறிய பிறகும் சுருண்டே நிற்கும் நுனியை மட்டும், கீழே நல்ல கணு விட்டு வெட்டி, பாலித்தீன் பையில் கட்டி இரண்டு நாள் வெயிலில் போடுங்கள்.