இரண்டாம் நெக்டனெபோ கோயில் கட்டியே எகிப்தைப் பறிகொடுத்தாரா?

மணற்கடிகை:
கி.மு. 360 வாக்கில் பட்டத்துக்கு வந்து, 343 வாக்கில் பாரசீகரிடம் நாட்டை இழந்தவர் இரண்டாம் நெக்டனெபோ. கடைசி சுதேச பாரோ என்று பொதுவாக இவரைத்தான் சொல்வார்கள். பாரசீகம் வாசலில் நிற்கும்போது இவர் வடக்கே நைல் கடலில் சேரும் டெல்டா முதல் தெற்கே எலிஃபன்டைன் தீவு வரை கோயில் கட்டிக்கொண்டிருந்தார். டெல்டாவின் பெஹ்பெயித் எல்-ஹாகரில் ஐசிஸ் தெய்வத்துக்குக் கட்டியது கருங்கல் கோயில். டெல்டாவில் கருங்கல் ஏது? தெற்கிலிருந்து நைல் வழியாகப் படகில் வந்தாக வேண்டும். அந்தப் படகும் தானியமும் ஆள்பலமும் எல்லைக்காவலுக்குப் போயிருக்கக் கூடாதா?

நைல்கரை:
நீங்கள் சொல்வதைச் செய்து பார்த்தவர் ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார், இவருக்கு முன் ஆண்ட தேயோஸ். சிரியாப் படையெடுப்புக்காகக் கோயில் வருமானத்தில் கைவைத்தார். அவர் போர்க்களத்தில் இருக்கும்போதே நாடு கைவிட்டுப் போனது, உதவிக்கு வந்திருந்த ஸ்பார்ட்டா மன்னர் அகெசிலாஸே நெக்டனெபோ பக்கம் சாய்ந்துவிட்டார். அதைக் கூடவே இருந்து பார்த்தவர் கோயில்களைப் பகைத்துக்கொள்வாரா? நிலம், களஞ்சியம், நெசவு, எழுத்தர்கள் எல்லாம் கோயிலைச் சுற்றித்தானே இருந்தன. அப்புறம், கி.மு. 351 வாக்கில் பாரசீக மன்னர் மூன்றாம் அர்தாக்சர்க்சீஸ் படையோடு வந்து தோற்றுத் திரும்பியதை ஏன் விட்டுவிட்டீர்கள்?

மணற்கடிகை:
சரி, அந்த வெற்றி அவருடையதுதான். ஆனால் அடுத்த முறை? கிரேக்கக் கூலிப்படையே 20,000 பேர் இருந்ததாகக் கிரேக்க வரலாற்றாசிரியர் டயோடோரஸ் எழுதுகிறார். அப்படியிருந்தும் எதிரி டெல்டாவுக்குள் புகுந்ததும் இவர் மெம்பிஸ் நகருக்குப் பின்வாங்கி, அங்கிருந்தும் நிற்காமல் தெற்கே ஓடிவிட்டார். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் ஒரு சிலை, பெரிய வல்லூறு வடிவில் ஹோரஸ் கடவுள், அதன் கால்களுக்கு நடுவே பொம்மை மாதிரி இவர். கையில் பிடித்திருக்கும் வளைந்த வாளையும் இன்னொரு குறியையும் வல்லூறோடு சேர்த்துப் படித்தால் அவர் பெயரே வரும், நக்த்-ஹோர்-ஹெப். அவ்வளவு அழகான வேலை, ஆனால் அந்த வாள் மெம்பிஸில் எங்கே போனது?

செப்பேடு:
நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் அவருடைய கல்சவப்பெட்டியைப் பார்த்திருக்கிறேன். வெளிப்பக்கம் முழுக்கச் சூரியக் கடவுளின் இரவுப் பயணம், கூழாங்கல் பதிந்த கரும்பச்சைக் கல்லில் அத்தனை நுணுக்கமான செதுக்கல். அடிப்பக்கம் குனிந்து பார்த்தால் வரிசையாக ஓட்டைகள், மொத்தம் 12. தண்ணீர் வெளியேறப் பிற்காலத்தில் போட்டது, அலெக்சாந்திரியா அத்தாரின் மசூதியில் தொட்டியாக இருந்திருக்கிறது. நெப்போலியன் படையோடு வந்தவர்கள் அலெக்சாந்தருடையது என்று நம்பினார்கள், 1801 உடன்படிக்கையில் ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1822-இல் பிரெஞ்சு அறிஞர் சம்போலியன் எகிப்தியச் சித்திர எழுத்தின் புதிரை அவிழ்த்த பிறகுதான் உண்மையான பெயரைப் படிக்க முடிந்தது. தனக்கென்று இப்படி ஒரு பெட்டியைச் செதுக்கி வைத்தவர், மண்ணைவிட்டுப் போக ஆசைப்பட்டிருக்க மாட்டார் என்றுதான் எனக்குப் பட்டது.

நைல்கரை:
செப்பேடு அண்ணா சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெஹ்பெயித் கோயிலைத் தொடர்ந்து கட்டியவர்கள் இரண்டாம், மூன்றாம் தாலமிகள். வெளியிலிருந்து வந்து ஆண்ட கிரேக்கர்களுக்கே இவர் விட்ட வேலையைத் தொட வேண்டியிருந்தது என்றால், அதை வீண் செலவு என்று எப்படித் தள்ளுவது?

மணற்கடிகை:
தாலமிகளை நான் கணக்கில் எடுக்கவில்லை, கோயில் பற்றிச் சொன்னதைத் திருத்திக்கொள்கிறேன். மெம்பிஸ் விஷயத்தில் மட்டும் என் மனம் மாறவில்லை.