பதில்: ஆரஞ்சு நிறச் சிறு விண்மீனுக்குக் கலைச்சொல் – ‘குறுமீன்’ யாருக்கு உரியது?

அனைவருக்கும் வணக்கம்.

ஆங்கிலத்தில் ‘ஆரஞ்ச் ட்வார்ஃப்’ எனப்படும், சூரியனைவிடச் சற்றுச் சிறிய செம்மஞ்சள் நிற விண்மீனுக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்று நம் குழுவில் கேட்கப்பட்டிருந்தது. அதற்கு ஆரஞ்சுக் குள்ளன், காவிக் குறுமீன், செம்மஞ்சள் குறுமீன், தோடை மீன் என்று இதுவரை நான்கு பரிந்துரைகள் வந்துள்ளன. மடல்களில் பெரும்பாலானவை நிறத்தைப் பற்றித்தான் பேசுகின்றன. எனக்கு நிறம் அவ்வளவு பெரிய சிக்கலாகத் தெரியவில்லை. அதைப் பின்னால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உண்மையான சிக்கல் சொல்லின் பின்பாதியில் இருக்கிறது. ‘குறுமீன்’ என்ற பெயரை எவற்றுக்குக் கொடுப்பது, எவற்றிடமிருந்து திரும்ப வாங்குவது என்று முடிவு செய்யாமல் பட்டியலில் இன்னொரு குறுமீனைச் சேர்த்தால் குழப்பம்தான் கூடும்.

வெறும் சொல்லாக வைத்து வாதிட வேண்டாம். உண்மையான ஒரு விண்மீனை எடுத்துக்கொண்டு அதைப் பற்றித் தமிழில் சில வரிகள் எழுதிப் பார்ப்போம். எந்தச் சொல் தாங்கும், எது தாங்காது என்று தெரிந்துவிடும். நான் எடுத்துக்கொண்டது எப்சிலான் இண்டி.

நம்மிடமிருந்து ஏறத்தாழ 12 ஒளியாண்டுத் தொலைவில் இருக்கிறது. நிறை சூரியனில் முக்கால் பங்கு, விட்டம் பத்தில் ஏழு பங்கு. வெளிவிடும் ஒளியோ சூரியனுடையதில் நான்கில் ஒரு பங்குகூட இல்லை. சூரியனின் மேற்பரப்பு 5,800 கெல்வினை ஒட்டியது; இதனுடையது ஏறக்குறைய 4,600. நிறம் செம்மஞ்சளாக இறங்குவது இதனால்தான். இவ்வளவு பக்கத்தில் இருந்தும் பொலிவெண் 4.7 (இந்த எண் கூடக் கூட மீன் மங்கலாகும்). ஊர் விளக்குகள் எட்டாத இடத்தில்தான் வெறுங்கண்ணுக்குத் தெரியும்.

எங்கே தேடுவது என்று கேட்ட நண்பருக்கு: அக்டோபர் மாத முன்னிரவில் தெற்கே பாருங்கள். கொக்கு விண்மீன் குழுவின் ஒளிமிக்க மீனான அல்நயீருக்குக் கிட்டத்தட்ட நேர்கீழே, 10 பாகை தள்ளி இருக்கும். கன்னியாகுமரியில் அடிவானத்துக்கு மேல் 25 பாகை வரை ஏறும், சென்னையில் 20 பாகைதான். மங்கலான மீன்களில் நம் கண் நிறத்தைப் பிரித்தறியாது. ஆகவே வெறுங்கண்ணுக்கு வெளிறிய புள்ளியாகவே தெரியும். பைனாகுலரில் பார்த்தால்தான் செம்மஞ்சள் சாயல் புலப்படும். இது ஆண்டுக்கு 4.7 விகலை (ஒரு விகலை என்பது பாகையில் 3,600-ல் ஒரு பங்கு) நகர்கிறது. அதாவது 400 ஆண்டுகளுக்குள் நிலாவின் அகல அளவு இடம் மாறிவிடும். வெறுங்கண்ணுக்குத் தெரியும் விண்மீன்களில் இவ்வளவு வேகமாக இடம் மாறுபவை மிகச் சில.

இப்போது இதன் துணைகளுக்கு வருகிறேன். 2003-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், இந்த விண்மீனிலிருந்து 1,500 வானியல் அலகுகளை (ஓர் அலகு என்பது பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தொலைவு) ஒட்டிய தொலைவில் மிக மங்கலான துணை ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. அது ஒன்றல்ல, ஒன்றையொன்று சுற்றும் இரண்டு என்பது அதே ஆண்டிலேயே தெரியவந்தது. ஒவ்வொன்றும் வியாழனைப்போல 50 முதல் 70 மடங்கு நிறை கொண்டது. அப்புறம் 2024 ஜூலையில் இந்த விண்மீனைச் சுற்றும் ஒரு கோளின் படமே வெளியானது. ஹைடல்பெர்க்கில் உள்ள மாக்ஸ் பிளாங்க் வானியல் நிறுவனத்தைச் சேர்ந்த எலிசபெத் மாத்யூஸ் தலைமையிலான குழு, ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் நடு அகச்சிவப்புக் கருவியில் விண்மீனின் ஒளியை மறைத்துவிட்டு எடுத்த படம் அது. விண்மீனின் மெல்லிய ஆட்டத்தை வைத்து அங்கே ஒரு கோள் இருக்க வேண்டும் என்று முன்பே கணித்திருந்தார்கள். படத்தில் அகப்பட்ட கோள் அந்தக் கணிப்பைவிட நிறை மிக்கதாகவும், எதிர்பார்த்த இடத்தில் இல்லாமலும் இருந்தது. நிறை வியாழனைப்போல 6 மடங்கு. வெப்பநிலை 2 பாகை செல்சியஸ் அளவு. அதுவரை நேரடியாகப் படமெடுக்கப்பட்ட வேற்று விண்மீன் கோள்களில் பெரும்பாலானவை பிறந்த சூடு ஆறாத இளங்கோள்கள். ஆகவே வயதேறிக் குளிர்ந்த இந்தப் பெருங்கோளைப் படத்தில் பார்த்தது பெரிய செய்திதான்.

சரி, இவ்வளவையும் இப்போது புழங்கும் சொற்களை வைத்து ஒரே வரியில் எழுதுகிறேன்: “ஒரு செம்மஞ்சள் குறுமீனை இரண்டு பழுப்புக் குறுமீன்களும் ஒரு புறக்கோளும் சுற்றுகின்றன.” (அந்த மங்கலான துணைகளுக்கு இப்போதைய பெயர் பழுப்புக் குறுமீன்; வேற்று விண்மீனின் கோளுக்குப் புறக்கோள்.)

இதைப் படிக்கும் ஒன்பதாம் வகுப்பு மாணவி என்ன புரிந்துகொள்வாள்? மூன்று குறுமீன்கள், ஒன்று செம்மஞ்சள், இரண்டு பழுப்பு, வேறுபாடு நிறத்தில் மட்டும் என்றுதான் எடுத்துக்கொள்வாள். அது முற்றிலும் தவறு. முதலாவது தன் நடுவில் ஹைட்ரஜனை ஹீலியமாக்கி எரியும் முழு விண்மீன். மற்ற இரண்டும் அந்த எரிதலைத் தொடங்கவே போதிய நிறை இல்லாதவை. அதற்குச் சூரிய நிறையில் நூற்றுக்கு ஏழெட்டுப் பங்காவது வேண்டும்; இவற்றுக்கு அது கிடைக்கவில்லை. போதாக்குறைக்கு, சிரியஸின் துணையைப் பற்றி எழுதும்போது ‘வெண்குறுமீன்’ வேறு வருகிறது. அது எரிந்து முடிந்த விண்மீனின் உள்ளகம்: பூமியளவு உருவத்தில் சூரியனளவு நிறை, எரிபொருள் தீர்ந்துபோய் மிச்சச் சூட்டில் ஒளிர்வது. எரிவது, எரியாமலே போனது, எரிந்து தீர்ந்தது ஆகிய மூன்றுக்கும் நாம் ஒரே பெயரைச் சூட்டி, முன்னால் ஒரு நிறத்தை மட்டும் மாற்றி வைத்திருக்கிறோம்.

இந்தக் கோளாறு ஆங்கிலத்திலிருந்து அப்படியே இறங்கியது. அங்கே அதற்கு ஒரு வரலாறு உண்டு. ஒரே நிறமுள்ள விண்மீன்களில் சில மிகப் பேரொளி கொண்டவை, சில மங்கலானவை என்று 1905 வாக்கில் டென்மார்க்கைச் சேர்ந்த எய்னார் ஹெர்ட்ஸ்பிரங் கண்டறிந்தார். பேருரு (ஜயண்ட்), சிற்றுரு (ட்வார்ஃப்) என்ற பிரிவு அந்த ஒப்பீட்டில் பிறந்தது. இந்த ‘ட்வார்ஃப்’தான் தமிழில் ‘குறு’. அங்கே அது பொருத்தமாகவும் இருந்தது. ரோகிணி (ஆல்டிபரான்) விண்மீனைப் பாருங்கள். விண்மீனின் ஒளியைப் பிரித்துப் பார்க்கும் நிறமாலையில் அதுவும் எப்சிலான் இண்டியும் ஒரே வகுப்பு, கே5. ஆனால் ரோகிணியின் விட்டம் சூரியனைப்போல 40 மடங்குக்கு மேல். இந்த இரண்டையும் பிரித்துச் சொல்ல ‘குறு’, ‘பெரு’ இரண்டும் கட்டாயம் வேண்டும். பிறகு 1922-ல் வானியலாளர் வில்லெம் லூய்ட்டன் அதே ‘குறு’வைத் தூக்கி சிரியஸின் துணை போன்றவற்றுக்கு வைத்தார். 1960-களின் தொடக்கத்தில் சிவ் குமார், ஹைட்ரஜன் எரியத் தொடங்காத பொருள்கள் இருக்கக்கூடும் என்று கணக்கிட்டுக் காட்டி அவற்றைக் கருங்குறு என்றார். 1975-ல் ஜில் டார்ட்டர் அதைப் பழுப்பாக மாற்றினார். கண்ணால் பார்க்க முடிந்தால் அவை பழுப்பாகவே இருக்காது, ஆழ்ந்த சிவப்பாகத்தான் தெரியும். அப்படியிருக்க, அந்தச் சொல்லின் இரண்டு பாதிகளுமே நமக்குப் பொருளைச் சொல்வதில்லை.

என் முன்மொழிவு இது. ‘குறுமீன்’ என்பதை ஹைட்ரஜன் எரியும் சிறு விண்மீன்களுக்கு மட்டுமே ஒதுக்குவோம். செங்குறுமீன், செம்மஞ்சள் குறுமீன், நம் சூரியனைப் போன்ற மஞ்சள் குறுமீன். இவற்றுக்கு எதிரிணை செம்பெருமீன், செம்மஞ்சள் பெருமீன். ஆக, எப்சிலான் இண்டி செம்மஞ்சள் குறுமீன், ரோகிணி செம்மஞ்சள் பெருமீன். மற்ற இரண்டு வகைகளையும் இந்தக் குடும்பத்திலிருந்து வெளியே எடுத்துவிடுவோம்.

விறகடுப்பை மூட்டியவர்கள் எரியும் கொள்ளியையும், தீ மூளாத ஈர விறகையும், எரிந்து அடங்கிய தணலையும் ஒரே சொல்லால் சொல்வதில்லை. அந்தச் சொற்களே நமக்குப் போதும். பழுப்பு வகைக்கு ‘மூளாமீன்’. வெண்மை வகைக்கு ‘வெண்தணல்’. இரண்டும் சிறிய சொற்கள், இரண்டையும் விளக்கத் தனி வாக்கியம் தேவைப்படாது.

இதற்கு வரக்கூடிய மறுப்புகளில் வலுவானது மூளாமீனைப் பற்றியது. வியாழனைப்போல 13 மடங்குக்கு மேல் நிறை இருந்தால் டியூட்டீரியம் (ஹைட்ரஜனின் கனமான வகை) கொஞ்ச காலம் எரியும். அப்படியானால் ‘மூளவில்லை’ என்று எப்படிச் சொல்லலாம்? நியாயமான கேள்வி. ஆனால் தமிழில் தீ ‘மூண்டது’ என்றால் பற்றிக்கொண்டு நின்று எரிந்தது என்று பொருள். சுள்ளி சற்றே பற்றி அணைந்தால் மூளவில்லை என்றே சொல்வோம். டியூட்டீரியம் அளவில் மிகக் குறைவு, விரைவில் தீர்ந்துவிடும், அதை வைத்து விண்மீனாக நிலைக்க முடியாது. ஆகவே சொல் இயற்பியலோடு முரண்படவில்லை.

‘வெண்குறுமீன் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே’ என்பது அடுத்தது. உண்மை. இணையத்தில் ஏராளமான கட்டுரைகள் அதைப் பயன்படுத்துகின்றன. உடனே அழிக்கச் சொல்லவில்லை. சில காலம் “வெண்தணல், அதாவது வெண்குறுமீன்” என்று சேர்த்தே எழுதலாம். பழகிய சொல் என்பதற்காகத் தவறான படத்தை அடுத்த தலைமுறைக்குக் கொடுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஆங்கிலத்தில் மூன்றுக்கும் ஒரே சொல் இருப்பதால் உயர்கல்விக்குப் போகும் மாணவர்கள் தடுமாறுவார்கள் என்று பேராசிரியர் ஐயா எழுதியிருந்தார். அவர் மேல் மிகுந்த மதிப்பு உண்டு. ஆனால் இதில் ஒத்துப்போக முடியவில்லை. பொருளைத் தெளிவாகப் புரிந்துகொண்ட மாணவர் ஆங்கிலப் பெயரை ஒரு நாளில் கற்றுக்கொள்வார். பொருள் குழம்பியவருக்கு எந்த மொழிப் பெயரும் உதவாது.

‘வெண்தணல்’ புணர்ந்தால் ‘வெண்டணல்’ ஆக வேண்டும், ‘செம்மஞ்சள் குறுமீன்’ ‘செம்மஞ்சட் குறுமீன்’ ஆக வேண்டும் என்று புலவர் ஐயா நிச்சயம் சொல்வார். இலக்கணப்படி அவர் சொல்வதே சரி. ஆனால் கலைச்சொல்லில் கூறுகள் கண்ணுக்குத் தெரிய வேண்டும். ‘வெண்டணல்’ என்று எழுதினால் தணல் காணாமல் போகிறது. இந்த இரண்டிலும் புணர்ச்சியைத் தளர்த்தி இயல்பாகவே எழுதலாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

‘குள்ளன்’ வேண்டவே வேண்டாம். அது மனிதரைக் குறிக்கும் சொல், அதுவும் வகுப்பறையில் பிள்ளைகள் ஒருவரையொருவர் நோகடிக்கப் பயன்படும் சொல்.

நிறத்துக்கு வருகிறேன். ‘ஆரஞ்சு’ தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரியும், ஆனால் இலங்கையில் அந்தப் பழத்தின் பெயர் தோடம்பழம். ‘தோடை மீன்’ சொன்ன அக்காவின் ஆர்வம் புரிகிறது. ஆனால் அது பாக்குநீரிணையின் இந்தப் பக்கத்தில் விளங்காது. காவி என்றதும் உடையும் மண்ணும்தான் நினைவுக்கு வரும். ஒளிரும் ஒன்றுக்கு அது ஒட்டவில்லை. ‘செம்மஞ்சள்’ இரு கரையிலும் புரியும், பெயரிலேயே நிறக்கலவை இருக்கிறது, சிவப்புக்கும் மஞ்சளுக்கும் இடையில் இந்த விண்மீன்கள் இருக்கும் இடத்தையும் அதுவே காட்டிவிடுகிறது. இதை முன்மொழிந்தவருக்கு என் முழு ஆதரவு.

கடைசியாக ‘புறக்கோள்’. இதற்குத் தனி இழை தேவை என்றாலும் எப்சிலான் இண்டி அதையும் சோதித்துவிட்டது. வியாழன், சனி போன்றவற்றையும் சிலர் புறக்கோள்கள் என்றே எழுதுகிறார்கள். இந்தப் புதிய கோளோ தன் விண்மீனிலிருந்து வெகு தொலைவில், ஒரு சுற்றுக்கு நூறாண்டுக்கு மேல் எடுத்துக்கொண்டு சுற்றுகிறது. அதன் குடும்பத்தில் அது வெளிப்புறக் கோள், நமக்கோ வேற்று விண்மீனின் கோள். இரண்டில் எதைச் சொல்கிறோம்? ‘அயற்கோள்’ என்று மாற்றினால் அந்த மயக்கம் இல்லை. சங்கப் பாடல்களில் வரும் நாண்மீன், கோண்மீன் இரண்டையும் மீட்கலாம் என்று ஒரு மடல் வந்திருந்தது. அழகான இணைதான், ஆனால் கோள் என்ற எளிய சொல் நன்றாக வேரூன்றிவிட்ட பிறகு அங்கே திரும்பத் தேவையில்லை.

அதே செய்தியைத் திருத்திய சொற்களில் எழுதினால் இப்படி வருகிறது: “எப்சிலான் இண்டி ஒரு செம்மஞ்சள் குறுமீன். வியாழனைப்போல 6 மடங்கு நிறையுள்ள அயற்கோள் ஒன்று அதைச் சுற்றுகிறது. வெகு தொலைவில், ஒன்றையொன்று சுற்றியபடி இரண்டு மூளாமீன்களும் அதற்குத் துணையாக உள்ளன.” இப்போது அந்த மாணவிக்கு மூன்று வகைப் பொருள்கள் என்பது பெயரிலேயே விளங்கும்.

செம்மஞ்சள் குறுமீனில் நாம் கிட்டத்தட்ட உடன்பட்டுவிட்டோம் என்று நினைக்கிறேன். மூளாமீன், வெண்தணல், அயற்கோள் மூன்றுக்கும் உங்கள் மறுப்பையோ ஏற்பையோ தனித்தனியாக எழுதுங்கள். ‘மூளாமீன்’ சேர்த்து எழுதினால் மீன்வகை ஏதோ என்று தோன்றுமோ, ‘மூளா விண்மீன்’ என்று நீட்டுவது நல்லதோ என்பதில் மட்டும் பள்ளி ஆசிரியர்களின் கருத்தை முதலில் கேட்க விரும்புகிறேன்.

அன்புடன்.