ஆட்சேர்ப்பு வேண்டாம், தலையெடுப்பு: காட்டு மரக்கன்றுக்கு ஒரு சொல்

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

காட்டு மரக்கன்றுகளைப் பற்றிப் பேசும்போது வரும் 'ரெக்ரூட்மென்ட்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் என்ன எழுதலாம் என்று போன வாரம் கேட்டிருந்தேன். அந்தக் கேள்விக்கு இத்தனை மடல் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தேன். தனித்தனியாகப் பதில் எழுதினால் இழை சிக்கலாகிவிடும் என்பதால் ஒரே மடலாக எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. வன உயிரியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். களம், முதுமலையை ஒட்டி மாயாற்றுப் பக்கம் இறங்கும் இலையுதிர் காடு. ஆய்வு முழுக்க ஆங்கிலத்தில்தான் எழுதியாக வேண்டும். ஆனால் மூன்று வருடமாக என்னோடு நடந்து, கன்றுகளை எண்ணி, டேப் பிடித்துத் தந்த ஊர்க்காரர்களிடம் இதன் சாரத்தைத் தமிழில் ஒரு சிறு நூலாகக் கொடுப்பேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். அதை எழுத உட்கார்ந்ததும் முதல் பக்கத்திலேயே தட்டிய சொல் 'ரெக்ரூட்மென்ட்'.

பொருளைச் சொல்லிவிடுகிறேன். ஒரு மரம் ஆயிரக்கணக்கில் விதை போடுகிறது. அதில் கொஞ்சம் முளைக்கும். முளைத்ததில் கொஞ்சம் முதல் கோடையைத் தாண்டும். தாண்டியதில் மிகச் சிலதான் மான் கடி, தீ, யானை மிதி எல்லாம் கடந்து, இனி இதையும் ஒரு மரமாகக் கணக்கில் வைக்கலாம் என்ற அளவுக்கு வரும். அந்தக் கடைசிப் படியைத்தான் ரெக்ரூட்மென்ட் என்கிறார்கள். ஒரு காடு இன்னும் ஐம்பது வருடம் கழித்து என்னவாக இருக்கும் என்பது இந்த ஒரு படியில் இருக்கிறது. செத்த மரங்களுக்கு ஈடாக இளசுகள் வந்து சேரவில்லை என்றால், இன்றைக்கு எவ்வளவு செழிப்பாகத் தெரிந்தாலும் அந்தக் காடு கரைந்துகொண்டிருக்கிறது என்று பொருள்.

இதற்கு 'ஆட்சேர்ப்பு' என்றே எழுதிவிடலாம், ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கும் சொல்தானே என்று இங்கே இரண்டு பேர் சொல்லியிருந்தார்கள். நானும் முதலில் அப்படித்தான் எழுதினேன். ஊரில் ஒரு கூட்டத்தில் வாசித்தும் காட்டினேன். முடிந்ததும் ஒரு தம்பி தனியாக வந்து, "அக்கா, எந்த மாசம் ஆள் எடுக்கிறாங்க, எட்டாவது படிச்சிருந்தா போதுமா?" என்று கேட்டான். காட்டில் காவலர் வேலைக்கு ஆள் எடுக்கப்போகிறார்கள் என்று புரிந்துகொண்டிருக்கிறான். அவனிடம் இல்லை என்று சொல்ல எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. வேலையில்லாத ஊரில் போய் அந்தச் சொல்லை நான் பயன்படுத்தியிருக்கக் கூடாது. அன்றைக்கே அதை அடித்துவிட்டேன்.

சொல்லின் வேரைப் பார்த்தாலும் ஆட்சேர்ப்பு பொருந்தவில்லை. ஆங்கிலத்தின் 'ரெக்ரூட்' பிரெஞ்சு வழியாக வந்தது. அதன் அடி, 'மறுபடி வளர்தல்' என்ற பொருளுடைய லத்தீன் வினை. படைக்கு ஆள் எடுப்பது என்ற பொருள் பின்னால் ஒட்டிக்கொண்டது. வளர்ச்சியைக் குறித்த சொல் பட்டாளத்துக்குப் போய், அங்கிருந்து காட்டுக்குத் திரும்பி வந்திருக்கிறது. நாம் மொழிபெயர்க்கும்போது நடுவில் போட்டிருந்த பட்டாளச் சட்டையை மட்டும் பிடித்துக்கொண்டோம். இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. சேர்ப்பு என்றால் சேர்க்கிறவர் ஒருவர் வேண்டும். காட்டில் கன்றை யாரும் சேர்ப்பதில்லை. அது தானே பிழைத்து வருகிறது.

சரி, அப்படியானால் என்ன சொல்? இதற்கான விடை எனக்குக் காட்டில் கிடைத்தது.

மார்ச் மாதம், தீ போய் மூன்று வாரம் ஆகியிருந்தது. தரை முழுக்கக் கரி, காலடியில் சாம்பல் புகைந்து எழும்பியது. என்னோடு வந்த பெரியவர் குறும்பர் ஊர்க்காரர். அவரிடம் நான் கற்றது வகுப்பில் கற்றதைவிட அதிகம். கன்றுகளை எண்ணுவதற்காக நான் அளந்து வைத்திருந்த கட்டத்தின் ஓரத்தில் குந்தி, ஒரு கருகிய குச்சியைச் சுற்றி இருந்த சாம்பலை விரலால் ஒதுக்கினார். பென்சில் பருமன்கூட இல்லாத தண்டு அது. போன வருடம் நான் எண் போட்ட தேக்கங்கன்று. இறந்தது என்று எழுதப் போனேன். அவர் கையை நீட்டித் தடுத்துவிட்டு, மண்ணை இன்னும் கொஞ்சம் கிளறினார். அடியில் முழங்கை மொத்தத்துக்கு முண்டு முண்டாக வேர்க்கட்டை. அதன் விளிம்பில் செந்நிறத்தில் ஒரு துளிர், நகத்தளவு. கிள்ளிக் கசக்கிக் காட்டினார், விரலில் சிவப்புச் சாயம் ஒட்டியது. தேக்குதான், சந்தேகமே இல்லை.

"இது ரொம்ப வருசமா இங்கதான் கிடக்கு. வருசா வருசம் துளிர்க்கும், வருசா வருசம் தீ வந்து சுட்டுட்டுப் போகும். தலையெடுக்க விட மாட்டேங்குது" என்றார். பிறகு பத்தடி தள்ளி நின்ற இன்னொன்றைக் காட்டினார். அடிப்பட்டை கருகியிருந்தது. ஆனால் உச்சி என் தலைக்கு மேலே, தீயின் நாக்குக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. "அது தலையெடுத்துருச்சு. இனி பயமில்ல."

குறிப்பேட்டில் அந்த வார்த்தையை அப்படியே எழுதிக்கொண்டேன். நான் இரண்டு பக்கத்தில் விளக்கப் பார்த்ததை அவர் இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டார். பிள்ளை தலையெடுத்துட்டான், இனி குடும்பத்துக்குக் கவலையில்லை என்று வீட்டில் சொல்வோமே, அதே வினை. அதில் வெறும் வளர்ச்சி மட்டும் இல்லை. ஒரு கண்டம் தாண்டிய நிம்மதி இருக்கிறது. இனி இவனும் கணக்கில் ஒருவன் என்ற அங்கீகாரமும் இருக்கிறது. ரெக்ரூட்மென்ட் என்ற கருத்தில் இருப்பதும் இந்த இரண்டும்தான்.

செடியின் இளமைக்கு மனிதக் குழந்தையின் சொல்லைப் போடுவது நமக்குப் புதிதில்லை. ஓரறிவு உயிரின் இளமைக்குப் பிள்ளை, குழவி, கன்று, போத்து என்ற பெயர்கள் பொருந்தும் என்று தொல்காப்பிய மரபியலே சொல்கிறது. தென்னம்பிள்ளை என்று இன்றும் சொல்கிறோம். பிள்ளை என்றே ஒரு கன்றை அழைக்கிற மொழியில், அது தலையெடுத்தது என்று சொல்வதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

இனி அளவுக் கணக்கு. துல்லியம் இல்லாத சொல் ஆய்வுக்கு உதவாது என்று பொறியாளர் ஐயா எழுதியிருந்தார். நியாயமான கேள்வி. பனாமா கால்வாய்க்கு நடுவில் இருக்கும் பரோ கொலராடோ தீவில், 1980களின் தொடக்கத்தில் ஸ்டீபன் ஹப்பெல், ராபின் ஃபாஸ்டர் இருவரும் 50 ஹெக்டேர் காட்டை அளந்து, அதில் 1 சென்டிமீட்டர் விட்டத்துக்கு மேற்பட்ட ஒவ்வொரு மரத்துக்கும் எண் போட்டார்கள். இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட தண்டுகள். அதே முறையில் 1988இல் ராமன் சுகுமார் தலைமையில் இந்திய அறிவியல் கழகத்தார் முதுமலையிலும் 50 ஹெக்டேர் கட்டம் ஒன்றை அமைத்தார்கள். அது வறண்ட காடு என்பதால் மரங்கள் கலைந்து நிற்கும். முதல் கணக்கில் ஏறத்தாழ 26 ஆயிரம்தான். இரண்டு இடத்திலும் விதி ஒன்றுதான்: தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில், அதாவது மார்பளவில், தண்டின் விட்டத்தை அளக்க வேண்டும். போன கணக்கில் இல்லாத தண்டு இந்தக் கணக்கில் 1 சென்டிமீட்டரைத் தொட்டிருந்தால் அது ரெக்ரூட்.

இங்கே கொஞ்சம் நிதானித்துப் பாருங்கள். 1.3 மீட்டரில் விட்டம் அளக்க வேண்டுமானால், அந்தக் கன்றின் தலை 1.3 மீட்டருக்கு மேலே போயிருக்க வேண்டும். மார்பளவைத் தாண்டித் தலையைத் தூக்காத எதுவும் நம் பேரேட்டில் ஏறவே முடியாது. ஆக, தலையெடுத்தல் என்பது உருவகமாக மட்டும் இல்லாமல் நேர்ப்பொருளிலும் சரியாக உட்காருகிறது. வேறு இடங்களில் 10 சென்டிமீட்டரை எல்லையாக வைப்பார்கள். அப்போது '10 செ.மீ. தலையெடுப்பு' என்று அளவை முன்னால் போட்டால் போதும், குழப்பம் வராது.

மற்ற பரிந்துரைகளுக்கு வருகிறேன். 'புதுவரவு' அழகான சொல், எனக்கும் பிடிக்கும். ஆனால் அது வெளியிலிருந்து வந்தது போல ஒலிக்கிறது. என் தேக்கங்கன்று எங்கிருந்தும் வரவில்லை, பல வருடமாக அங்கேயே மண்ணுக்குள் காத்துக் கிடந்தது. அந்நிய இனங்கள் காட்டுக்குள் நுழைவதைப் பற்றியும் நாங்கள் நிறையப் பேசுவோம், உண்ணிச்செடி மாதிரி. புதுவரவு என்ற சொல்லை அதற்காக விட்டுவைப்பது நல்லது. 'இளமரச் சேர்க்கை' என்றால் கல்லூரிச் சேர்க்கை நினைவுக்கு வருகிறது, ஆட்சேர்ப்பில் இருந்த அதே குறை.

'தேறுதல்' என்று எழுதிய அக்காவின் மடலை நீண்ட நேரம் யோசித்தேன். கன்று தேறிடுச்சு என்று தோட்டத்தில் எல்லாரும் சொல்கிறோம். ஆனால் தேறுவது என்றால் சாகாமல் பிழைப்பது. என் தேக்கங்கன்று ஒவ்வொரு தீயிலும் தேறுகிறது, ஆனாலும் தலையெடுக்கவில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளிதான் என் ஆய்வே. அதனால் தேறுதலை உயிர்பிழைப்புக்கு வைத்துக்கொள்ளலாம்: தேறல் வீதம். அதற்கு முந்தைய படிக்கு, அதாவது முளை தரையில் நிலைகொள்வதற்கு, உழவர்களின் 'வேர்பிடிப்பு' இருக்கிறது. முளைப்பு, வேர்பிடிப்பு, தேறல், தலையெடுப்பு என்று நான்கு படிகள் வரிசையாகக் கிடைத்துவிட்டன. நாலும் வயலிலும் தோட்டத்திலும் ஏற்கெனவே புழங்குகிற சொற்கள்.

தலையெடுப்பு என்றால் அகராதியில் இறுமாப்பு என்ற பொருளும் இருக்கிறதே என்று புலவர் ஐயா சுட்டியிருந்தார். உண்மைதான். மலையாளத்தில்கூட யானை தலை நிமிர்ந்து நிற்கும் மிடுக்கைத் தலையெடுப்பு என்பார்கள். ஆனால் இன்றைய தமிழில் யாரும் இறுமாப்புக்கு அதைப் பயன்படுத்துவதாகத் தெரியவில்லை. மரத்தைப் பற்றிய வாக்கியத்தில் வரும்போது அந்தப் பொருள் குறுக்கே வராது.

ஒரு சொல் நிற்குமா என்று பார்க்க எனக்கு ஒரே வழிதான் தெரியும். அதை வினையாக்கி, உண்மையான வாக்கியங்களில் போட்டு, உரக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும். மூன்று வாக்கியங்கள் எழுதினேன்.

நீலகிரியின் மேல்மட்டப் புல்வெளியில் சோலை மரங்களின் கன்றுகள் உறைபனியில் கருகிவிடுவதால் அங்கே அவை தலையெடுப்பதில்லை.

தாய்மரத்தின் அடியில் விதை அதிகம் விழுந்தாலும், அந்த இனத்தையே தாக்கும் பூச்சியும் பூஞ்சையும் அங்கேதான் அதிகம். அதனால் தள்ளி விழுந்த விதையே தலையெடுக்கும் என்று 1970இல் டேனியல் ஜான்சென், 1971இல் ஜோசஃப் கானெல் தனித்தனியாகச் சொன்னார்கள்.

முதுமலைக் கட்டத்தில் கிடியா என்ற மரத்தை யானைகள் விரும்பி ஒடித்துத் தின்றன. இறந்தவற்றுக்கு ஈடாகத் தலையெடுப்பு இல்லாததால் அதன் எண்ணிக்கை மளமளவென்று சரிந்தது.

மூன்றையும் களத்துக்கு வரும் தம்பிகளிடம் வாசித்தேன். ஒரு இடத்திலும் நிறுத்தி விளக்கம் கேட்கவில்லை. மூன்றாவது வாக்கியத்துக்கு ஒருவன் தலையாட்டி, "ஆமாக்கா, யானை அதை எங்க விட்டுச்சு" என்றான். இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியவில்லை.

கூட்டுச்சொற்களும் சிரமமில்லாமல் வருகின்றன. தலையெடுப்பு வீதம், தலையெடுப்புத் தடை, தலையெடுக்காமை. விதையே வராததால் கன்று இல்லை என்றால் விதைத் தட்டுப்பாடு, விதை வந்தும் கன்று மேலே வரவில்லை என்றால் தலையெடுப்புத் தடை. ஆங்கிலத்தில் மாணவர்கள் இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வார்கள். தமிழில் சொல்லும்போது எனக்கே தெளிவாகிறது. முதலாண்டில் இதை யாராவது எனக்குத் தமிழில் சொல்லியிருந்தால் ஆறு மாதம் மிச்சமாகியிருக்கும்.

இன்னும் தீராத ஒன்று இருக்கிறது. பெரிய மரம் தீயில் மேல்பகுதி செத்து, தூரிலிருந்து மறுபடி கிளம்பி 1 சென்டிமீட்டரைத் தொட்டால் அது புதுத் தலையெடுப்பா, பழைய மரமா? விதையிலிருந்து வந்ததையும் தூரிலிருந்து வந்ததையும் பிரித்துத்தான் எண்ண வேண்டும். நெல்லிலும் கரும்பிலும் அறுத்த கட்டையிலிருந்து வருவதை மறுதாம்பு என்கிறோம். அதைக் காட்டு மரத்துக்கும் எடுத்துக்கொண்டு, 'மறுதாம்புத் தலையெடுப்பு', 'விதைத் தலையெடுப்பு' என்று எழுதலாமா? பயிருக்கு உரிய சொல் மரத்தில் ஒட்டுமா என்று எனக்குத் தயக்கம். டெல்டா பக்கத்து நண்பர்கள் சொல்லுங்கள்.

அப்புறம், நிழலில் பல வருடம் ஓரடி உயரத்திலேயே நின்று, மேலே ஒரு பெரிய மரம் சாய்ந்து வெளிச்சம் விழுந்ததும் சரசரவென்று எழும் கன்றுகள் மழைக்காட்டில் உண்டு. அவற்றுக்கு ஆங்கிலத்தில் 'நாற்று வங்கி' என்கிற மாதிரி ஒரு பெயர். எனக்கு வங்கி வேண்டாம். 'காத்திருப்புக் கன்று' என்று தற்காலிகமாக எழுதி வைத்திருக்கிறேன். பனங்காட்டுப் பக்கம் யாராவது இருந்தால், பல வருடம் தரையோடு நின்றுவிட்டுப் பிறகு மேலே வரும் வடலிக்கு உங்கள் ஊரில் தனிப்பெயர் இருக்கிறதா என்று கேட்டு எழுதுங்கள். நூல் அச்சுக்குப் போக இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது.

அன்புடன்.