நாக்கலோ கால்நடைக் கண்காட்சிக்கு அம்மாவோடு போகிறோம், கொஞ்சம் வழி சொல்லுங்கள்

வணக்கம். ஐல் ஆஃப் மேன் தீவுக்குக் குடிவந்து எட்டு மாதம் ஆகிறது. ஆகஸ்டில் பீல் ஊர்ப் பக்கம் நாக்கலோவில் நடக்கும் ராயல் மேங்ஸ் (மேங்ஸ் என்றால் இந்தத் தீவைச் சேர்ந்தது) கண்காட்சிக்குக் குடும்பத்தோடு போக ஆசை. வெள்ளி, சனி இரண்டு நாளில் ஒரு நாள்தான் முடியும். செம்மறிகளை வளையத்துக்குள் நடத்திக் காட்டுவது எந்த நாள், எத்தனை மணிக்கு?

ஜூலையில் காசில்டவுன் பக்கத்துக் கண்காட்சிக்குத் தாமதமாகப் போனதில் போட்டி முடிந்துவிட்டது. இந்தத் தீவின் செம்மறி இனமான லாக்டனில் ஒரே ஒரு கிடாயைத்தான் பார்த்தோம். பழுப்பு ரோமம், நான்கு கொம்பு: இரண்டு மேலே நிமிர்ந்து, இரண்டு கன்னத்தோரம் வளைந்து. மகள் ரோமத்துக்குள் கையை விட்டு, எண்ணெய்ப் பிசுக்கான விரல்களை வீடு வரும்வரை மோந்துகொண்டே வந்தாள். ஊரில் ஆடு வளர்த்த அம்மா அதன் பல்லைப் பார்த்து வயதைச் சொன்னார்; வளர்ப்பவர் சரி என்று தலையாட்டினார். அம்மாவின் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி! அதற்காகவே இந்த முறை முழுதாகக் காட்ட வேண்டும்.

எங்களிடம் கார் இல்லை. டக்லஸிலிருந்து பஸ்ஸில் போனால் எவ்வளவு தூரம் நடக்க வேண்டும்? அம்மாவுக்கு முழங்கால் வலி. வளையத்துக்கு அருகில் உட்கார இடம் உண்டா? அப்புறம், வால் இல்லாத மேங்ஸ் பூனைகளும் வருமா? மகள் தினமும் கேட்கிறாள். போனவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.