சம்பளம் ஏறிக்கொண்டேதான் இருக்கிறது, அப்புறம் நடுத்தர வர்க்கம் ஏன் சுருங்குகிறது?

மாதக்கடைசி:

வருடா வருடம் சம்பள உயர்வு வருகிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கையில் நிற்பது மட்டும் குறைந்துகொண்டே போகிறது. அப்பா ஒரே சம்பளத்தில் வீடு கட்டி, எங்களைப் படிக்கவைத்து, கடன் இல்லாமல் ஓய்வும் பெற்றார். நாங்கள் கணவன் மனைவி இரண்டு பேரும் வேலைக்குப் போகிறோம், படிப்பு அவரைவிட அதிகம், ஆடம்பரம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை, ஆனாலும் வாடகை, பிள்ளையின் கல்விக் கட்டணம், மருத்துவக் காப்பீடு மூன்றையும் கட்டி முடித்தால் மிச்சமிருப்பதை வைத்து மாதத்தை ஓட்டுவதே பெரிய பாடாக இருக்கிறது. இதில் செய்தியைத் திறந்தால் பணவீக்கம் குறைந்துவிட்டது என்கிறார்கள். யாருக்குக் குறைந்தது?

இது எங்கள் வீட்டுக் கணக்கில் இருக்கும் ஓட்டையா, இல்லை நாடு நாடாகப் பேசிக்கொள்கிறார்களே நடுத்தர வர்க்கம் தேய்கிறது என்று, அதுதானா? "செலவைக் குறை, சேமிக்கப் பழகு" என்று எழுத வருகிறவர்கள் தயவுசெய்து அடுத்த திரிக்குப் போகவும்.

வட்டிக்கணக்கு:

முதலில் அந்தப் பணவீக்கச் செய்தியைப் பார்த்துவிடுவோம். பணவீக்கம் குறைந்தது என்றால் விலை ஏறும் வேகம் குறைந்திருக்கிறது, அவ்வளவுதான். 2022 ஜூனில் அமெரிக்காவில் 9.1 சதவீதம், அக்டோபரில் பிரிட்டனில் 11.1 சதவீதம் என்று உச்சத்துக்குப் போய், அப்புறம் வீதம் இறங்கியது. ஏறின விலை ஏறின இடத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. அந்த ஏற்றத்தைச் சம்பளம் அப்போது பிடிக்காமல் விட்டிருந்தால், இப்போது வீதம் 2 சதவீதத்துக்கு வந்தாலும் விட்டது விட்டதுதான்.

இரண்டாவது, இந்த இடைவெளி சத்தமே இல்லாமல் வளரும். சம்பளமும் செலவும் 100-ல் தொடங்குகின்றன என்று வையுங்கள். சம்பளம் வருடம் 5 சதவீதம் ஏறுகிறது, செலவு 6 சதவீதம். ஒரு சதவீத வித்தியாசத்துக்காக யாரும் மேலாளர் அறைக் கதவைத் தட்டமாட்டார்கள். பத்து வருடம் கழித்துப் பார்த்தால் சம்பளம் 163, செலவு 179. பழைய சம்பளத்தில் வாங்கியதில் ஏறக்குறைய 9 சதவீதம் காணாமல் போயிருக்கும், இத்தனைக்கும் ஒரு வருடம்கூட உயர்வு நின்றிருக்காது.

வரி வேறு இருக்கிறது. வரம்புகளை விலைவாசிக்கு ஏற்ப நகர்த்தாத நாடுகளில், பெயரளவில் ஏறும் சம்பளமே உங்களை மேல் அடுக்குக்குத் தள்ளிவிடும். பிரிட்டனில் வரியில்லா வரம்பை 2021-லிருந்து 12,570 பவுண்டிலேயே நிறுத்திவைத்திருக்கிறார்கள். வரி விகிதத்தை ஏற்றினால்தான் தலைப்புச் செய்தி, வரம்பை அப்படியே விட்டால் யாரும் கவனிப்பதில்லை.

வாடகைவாசி:

மேலே சொன்னது எல்லாம் சரி, ஆனால் முக்கியமான ஆள் சராசரிக்குள் ஒளிந்திருக்கிறார். பணவீக்கம் என்பது ஒரு கூடைப் பொருள்களின் சராசரி விலையேற்றம். அதில் தொலைக்காட்சியும் இருக்கிறது, துணியும் இருக்கிறது, வாடகையும் இருக்கிறது. தொலைக்காட்சி மலிந்துகொண்டே வந்திருக்கிறது, ஆனால் யாரும் மாதாமாதம் தொலைக்காட்சி வாங்குவதில்லை. ஒரு குடும்பத்தை நடுத்தரக் குடும்பம் என்று நாம் சொல்வதே வீடு, பிள்ளைகள் படிப்பு, நோய் வந்தால் சமாளிக்கும் தெம்பு ஆகியவற்றை வைத்துத்தான். சராசரியைத் தாண்டி ஓடுவதும் சொல்லிவைத்தாற்போல் இவைதான்.

பெரும்பாலும் வளர்ந்த நாடுகள் சேர்ந்த பொருளாதார அமைப்பான ஓஇசிடி 2019-ல் இதைப் பற்றி ஓர் அறிக்கை போட்டது. இடைநிலை வருமானத்தில் (எல்லோரையும் வருமான வரிசையில் நிறுத்தினால் சரியாக நடுவில் நிற்பவரின் வருமானம்) 75 முதல் 200 சதவீதம் வரை பெறும் குடும்பங்களை நடுத்தரம் என்று எடுத்துக்கொண்டார்கள். 1980-களின் நடுவில் உறுப்பு நாடுகளில் 64 சதவீதம் பேர் அதில் இருந்தார்கள், முப்பது வருடத்தில் 61 ஆனது. என்னடா இது, 3 சதவீதம்தானே என்று தோன்றும். ஆனால் உள்ளே இருப்பவர்கள் படும் பாடு இந்த எண்ணில் தெரியாது. 1990-களில் வருமானத்தில் கால்வாசியை வீட்டுக்குச் செலவழித்தவர்கள் இப்போது மூன்றில் ஒரு பங்கைக் கொடுக்கிறார்கள். உங்கள் அப்பா விஷயத்துக்கும் அதே அறிக்கையில் பதில் உண்டு: போருக்குப் பின் பிறந்த தலைமுறையில் கிட்டத்தட்ட 70 சதவீதம் பேர் இருபதுகளிலேயே நடுத்தர வருமானக் குடும்பத்தில் இருந்தார்கள், 1980-களிலும் 90-களிலும் பிறந்த மில்லெனியல் தலைமுறையில் அது 60.

படிப்பும் மருத்துவமும் ஏன் இப்படி ஏறுகின்றன என்பதற்கு வில்லியம் பாமோல் என்ற பொருளாதார அறிஞர் 1960-களிலேயே ஒரு விளக்கம் சொன்னார். தொழிற்சாலையில் இயந்திரம் வந்தால் ஒரு ஆள் பத்து மடங்கு பொருள் செய்யலாம், சம்பளமும் ஏறும். ஆசிரியர் பத்து மடங்கு வேகத்தில் பாடம் நடத்த முடியாது, செவிலியர் அரை நிமிடத்தில் நோயாளியைப் பார்த்து அனுப்ப முடியாது, ஆனாலும் அவர்களுக்கும் ஓரளவு ஈடான சம்பளம் கொடுக்காவிட்டால் அந்த வேலைக்கு ஆள் வராது. அதனால் அந்தச் சேவைகளின் விலை ஏறிக்கொண்டேதான் இருக்கும்.

வீட்டின் கதை வேறு. வேலை கிடைக்கும் இடத்தில் நிலத்தைப் புதிதாக உற்பத்தி செய்ய முடியாது. வட்டி குறைந்தால் எல்லோருக்கும் பெரிய கடன் கிடைக்கும், அந்தக் கடனையும் விலை விழுங்கிவிடும். ஒரு சம்பளக் குடும்பங்கள் போட்டி போட்ட இடத்தில் இரண்டு சம்பளக் குடும்பங்கள் வந்து நின்றபோதும் அதேதான் நடந்தது. உங்கள் வீட்டு இரண்டாவது சம்பளத்தில் பெரும்பகுதி எங்கே போனது என்று கேட்டால், வீட்டுக்காரர் கைக்குத்தான் போனது என்பேன்.

சம்பளப்பிரிவு:

நான் பல வருடம் ஒரு நிறுவனத்தின் சம்பளப் பிரிவில் இருந்தவள். பெயர் வேண்டாம். உயர்வு எப்படி முடிவாகிறது என்று வெளியே இருப்பவர்களுக்குத் தெரிவதில்லை, அதனால் சொல்கிறேன்.

உங்கள் வாடகை எவ்வளவு ஏறியது என்று அந்தக் கூட்டத்தில் யாரும் கேட்கமாட்டார்கள். இதே துறையில் மற்ற நிறுவனங்கள் எத்தனை சதவீதம் கொடுக்கப்போகின்றன என்று ஒரு கணக்கெடுப்பு வரும், அதை ஒட்டி மொத்தத் தொகை ஒன்று ஒதுக்கப்படும். எல்லாரும் எல்லாரையும் பார்த்து வைப்பதால் எண் பெரிதாக நகராது. அந்தத் தொகைக்குள்தான் 'மிகச் சிறப்பு', 'சிறப்பு' எல்லாம். ஒருவருக்குக் கூட்டினால் இன்னொருவருக்குக் குறைக்க வேண்டும், மதிப்பெண்ணைத் தொகைக்கு ஏற்ற மாதிரி திருத்துவதும் நடக்கும். புதிதாக ஆள் எடுப்பதற்கு மட்டும் தனி ஒதுக்கீடு, அது வெளிச்சந்தை விலையில். எட்டு வருடம் இருந்தவரைவிட நேற்று வந்தவருக்கு அதிகம் போவதை நானே கணினியில் ஏற்றியிருக்கிறேன், கை கூசும்.

முன்பெல்லாம் தொழிற்சங்கம் உட்கார்ந்து விலைவாசிப் புள்ளியைக் காட்டிப் பேரம் பேசும். அமெரிக்காவில் 1983-ல் ஊழியர்களில் 20.1 சதவீதம் பேர் சங்கத்தில் இருந்தார்கள், 2023-ல் அது 10. பேரம் பேச ஆள் இல்லாத மேசையில் ஒரு பக்கம் சொல்வதுதான் விலை.

எதிர்க்கேள்வி:

எல்லோரும் சேர்ந்து ஒப்பாரி வைப்பதற்கு முன்னால் ஒன்று. சுருங்கியது என்றால் எல்லோரும் கீழே விழுந்தார்கள் என்று பொருளா? பியூ என்ற அமெரிக்க ஆய்வு மையத்தின் கணக்குப்படி அமெரிக்காவில் நடுத்தரம் 1971-ல் 61 சதவீதம், 2021-ல் 50. அதே காலத்தில் கீழ் அடுக்கு 25-லிருந்து 29 ஆனது, மேல் அடுக்கு 14-லிருந்து 21 ஆனது. மேலே போனவர்கள்தான் அதிகம். சீனா போன்ற நாடுகளிலோ இதே காலத்தில் நடுத்தர வர்க்கம் பெருகியிருக்கிறது. அப்புறம் அப்பா காலத்து வீட்டின் அளவு என்ன, அதில் என்னென்ன வசதி இருந்தது என்பதையும் சேர்த்து ஒப்பிடுங்கள் சார்.

வாடகைவாசி:

அதே பியூ கணக்கில் அடுத்த வரியையும் படிக்க வேண்டும் நண்பரே. மொத்தக் குடும்ப வருமானத்தில் நடுத்தரத்தின் பங்கு 1970-ல் 62 சதவீதம், 2020-ல் 42. மேல் அடுக்கின் பங்கு 29-லிருந்து 50. ஆள் குறைந்ததைவிட பங்கு வேகமாகக் குறைந்திருக்கிறது. சீனா விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். வீட்டின் அளவு வாதத்தை ஒப்புக்கொள்ள மாட்டேன், அப்பா காலத்து அதே பழைய வீட்டை இன்று விலைக்குக் கேட்டுப் பாருங்கள்.

மாதக்கடைசி:

பதில் போட்ட எல்லோருக்கும் நன்றி. எதிர்க்கேள்வி சொன்னதிலும் நியாயம் இருக்கிறது, மேலே போன அந்த 7-ல் நான் இல்லை என்பதுதான் என் பிரச்சினை. சம்பளப்பிரிவு அக்கா, அடுத்த மாதம் எனக்கு மதிப்பீட்டுப் பேச்சு இருக்கிறது. உருப்படியாக என்ன கேட்கலாம்?

சம்பளப்பிரிவு:

வீட்டுச் செலவைச் சொல்லாதீர்கள் தம்பி, பாவம் என்பார்கள், அத்தோடு முடிந்தது. உங்கள் வேலைக்குப் புதிதாக எடுக்கும் ஆளுக்கு என்ன தருகிறார்கள் என்று வேலை விளம்பரங்களிலிருந்து எடுத்து வையுங்கள், முடிந்தால் வெளியே ஒரு இடத்தில் நேர்காணல் முடித்து கையில் ஒரு கடிதத்தோடு போங்கள். தொகை ஒதுக்கி முடிந்த பிறகு கேட்டுப் பயனில்லை, அதனால் அடுத்த மாதம்வரை காத்திருக்காமல் இந்த வாரமே மேலாளர் காதில் போடுங்கள். ஒருமுறை தரும் ஊக்கத்தொகையைக் காட்டிச் சமாளிக்கப் பார்த்தால், பாதியாகக் குறைந்தாலும் பரவாயில்லை, அடிப்படைச் சம்பளத்தில் சேருங்கள் என்று கேளுங்கள். அடுத்த வருட சதவீதம் அதன்மேல்தான் விழும்.